நான் கவிழ்த்த தட்டு

சமையல்கட்டிலிருந்து மாயாண்டி அண்ணன் தானே ஒரு தட்டை ஏந்திக்கொண்டு கல்லூரி விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் வந்தார். சமைக்கிறவர் வெளியே வருவது வழக்கமில்லை. இடுப்பில் கட்டியிருந்த துண்டு நனைந்திருந்தது. நூறு பேருக்கு மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அவர் வேறு யாரையும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்து தட்டை வைத்தார்.

தட்டில் சோளச் சோறு. உருட்டி வைத்து, நடுவில் குழி பறித்து, அதில் மொச்சைக் குழம்பு ஊற்றியிருந்தார். ஆவி முகத்தில் அடித்தது.

"அப்பு, நீ சொல்லு. சரியா வந்திருக்கா?" என்றார்.

கூடம் முழுக்க என் பக்கம் திரும்பியது. பின்வரிசையில் யாரோ, போடிக்கு வீட்டுச் சாப்பாடு வந்துவிட்டது என்று சொன்னான். விடுதியில் எனக்குப் பெயரே என் ஊர்ப் பெயரான போடிதான். நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரித்தது பெரிய சிரிப்பும் இல்லை. ஆனால் எனக்குக் காது இரண்டும் சுட்டது.

நான் தட்டின் விளிம்பில் விரலை வைத்துக் கவிழ்த்தேன்.

குழம்பு தரையில் ஓடி அவர் கால் விரல்களைத் தொட்டது. அவர் காலை நகர்த்தவில்லை. அடுத்த நிமிடம் கூடமெங்கும் தட்டுகள் கவிழ்கிற சத்தம். விடுதியில் என் நண்பன் தியாகராஜன் எழுந்து நின்று பேச ஆரம்பித்துவிட்டான். நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்தேன்.

தலையணைக்குள் அரிசி

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது கொஞ்சம் சிரமம். என் மகன் படித்த விடுதியில் வாரம் இரண்டு நாள் கோழி போட்டார்கள். அதிலும் அவனுக்குக் குறை. நாங்கள் மதுரையில் படித்தபோது அரிசிக்கு ரேஷன். உலகச் சண்டை முடிந்து வருடங்கள் ஆகியிருந்தன, ரேஷன் மட்டும் முடியவில்லை. மழையும் சேர்ந்து ஏமாற்றியது. விடுதியில் சேர டிரங்குப் பெட்டி, பாய், தலையணை மட்டும் போதாது. ஊர் ரேஷன் கார்டிலிருந்து நம் பேரை எடுத்ததற்கான சீட்டும் வேண்டும். அதைக் கொடுத்தால்தான் சாப்பாட்டுக் கூடத்தில் இடம்.

ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்கு அரிசி கொண்டுபோகக் கூடாது என்றும் சட்டம். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன்கள் லீவு முடிந்து வரும்போது தலையணை உறைக்குள் பச்சரிசியை வைத்துத் தைத்துக்கொண்டு வருவார்கள். ஸ்டேஷனில் சோதனை போடுகிறவர் தலையணையைத் தட்டிப் பார்க்காத வரைக்கும் கவலையில்லை. சனிக்கிழமை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்பிரிட் அடுப்பில் பொங்கல் வைப்பார்கள். அந்த வாசனை மாடிப்படி இறங்கி வரும்போது படிப்பு ஓடாது.

விடுதிச் சாப்பாடு மோசம் என்று சொல்லமாட்டேன். வாரத்தில் இரண்டு நாள் இட்லி, மற்ற நாள் கோதுமை ரவை உப்புமா. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்பு. தேடினால் துண்டு கிடைக்கும். ஊறுகாய்ப் பாட்டில், பருப்புப்பொடி டப்பா, நெய்க் கிண்ணம் எல்லாம் அவரவர் பேர் எழுதி அலமாரியில் இருக்கும். பூட்டும் உண்டு.

எங்களுக்கு முந்திய தலைமுறையில் அதே கூடத்தில் சாதிக்கொரு பந்தி இருந்ததாம். நடுவில் தடுப்பு இருந்த இடம் தரையில் கோடாகத் தெரியும். நாங்கள் சேர்ந்தபோது சைவம், அசைவம் என்று இரண்டே கூடங்கள். யார் பக்கத்தில் யார் என்ற பேச்சில்லை. ஆனாலும் யார் எதைத் தின்று வளர்ந்தவன் என்று பையன்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே என்னைக் கண்டுபிடித்தார்கள். அரிசிச் சோற்றையும் நான் உருட்டி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவேன். அது சோளச் சோறு தின்று பழகிய கை. மாற்றிக்கொள்ள ஒரு வருடம் ஆனது எனக்கு.

மாயாண்டி அண்ணனுக்குப் பொட்டிபுரம். எங்கள் பக்கத்து ஆள். பெண்டாட்டியும் இரண்டு பெண் பிள்ளைகளுமாக விடுதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார். நான் போடி என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அப்பளம் இரண்டாக வரும். ஊருக்குப் போய்வந்தால், மலையில் மழை உண்டா, ஏலக்காய் இந்த வருசம் எப்படி என்று விசாரிப்பார். யாரும் பார்க்காதபோது நானும் நின்று பதில் சொல்வேன்.

அரிசி வரத்து இன்னும் குறைந்தபோது, புதன்கிழமை இரவு அரிசி கிடையாது என்று வார்டன் பலகையில் எழுதிப்போட்டார். கப்பலில் வந்த சிவப்புச் சோளம் மூட்டைகளாக வந்து இறங்கியது. மற்ற சமையல்காரர்களுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. மாயாண்டி அண்ணன்தான், விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எடுத்துக்கொண்டாராம்.

அட்டையில் எழுதியது

மறுநாள் காலையிலிருந்து வேலைநிறுத்தம். தியாகராஜன்தான் தலைவன். தஞ்சாவூர்ப் பக்கத்து மிராசுதார் வீட்டுப் பையன். நல்ல மனசு, நல்ல குரல். அவனுக்குச் சோளத்தின் மேல் தனிப் பகை ஒன்றும் இல்லை. அநியாயம் என்று பட்டால் எழுந்து நிற்பான், அவ்வளவுதான்.

என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று அட்டையில் எழுத என்னிடம் கொடுத்தார்கள். 'மாட்டுத் தீவனம் மனிதனுக்கா?' என்று எழுதினேன். நீல மையில், கொட்டை எழுத்தில். அதைக் கழியில் கட்டி வாசலில் நட்டுவைத்தார்கள். வகுப்புக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்க்காமல் நடக்கப் பழகினேன்.

மூன்று நாள் ஓட்டலிலும் ரொட்டியிலும் கழிந்தது. நாலாம் நாள், விடுதியை மூடுகிறோம், பத்து நாள் கழித்து மன்னிப்புக் கடிதத்தோடு வாருங்கள் என்று வார்டன் எல்லோரையும் அனுப்பிவிட்டார். தியாகராஜன் ஊருக்குப் போகப் பயந்தான். விஷயம் தெரிந்தால் அவன் அப்பா தோலை உரித்துவிடுவார். என்னோடு வருகிறேன் என்றான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

போடிக்கு அப்போது ரயில் இல்லை. சண்டைக் காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனவர்கள் இன்னும் திரும்பப் போடவில்லை. பஸ்ஸில்தான் போனோம். உசிலம்பட்டி தாண்டியதும் மேற்கே மலை தெரிய ஆரம்பித்தது. அவன் ஜன்னலில் தலையை நீட்டி, மலை இவ்வளவு பெரிதா என்று குழந்தை மாதிரிக் கேட்டுக்கொண்டே வந்தான். நான் வீட்டில் என்ன உலை வைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

இரண்டு தட்டு, இரண்டு சோறு

எங்கள் வீடு போடியின் மேற்கு ஓரம். மலையடிவாரத்தில் கொஞ்சம் மானாவாரி நிலம். சோளமும் மொச்சையும் விளையும். என் அய்யா போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி. மாதத்தில் இரண்டு தடவை இறங்கி வருவார். நிலமும் வீடும் ஆத்தா பொறுப்பு.

விடுதியில் அம்மை கண்டிருக்கிறது, அதனால் மூடிவிட்டார்கள் என்று ஆத்தாவிடம் பொய் சொன்னேன். அவள் உடனே வேப்பிலை பறித்து நிலையில் சொருகினாள்.

பிறகு முந்தானைக்குள் ஒரு சொம்பை மறைத்துக்கொண்டு ஏலக்காய்க் கடைக்காரர் ஞானமுத்து வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது சொம்பில் அரிசி இருந்தது. அவர்கள் வீட்டிலும் ரேஷன் அரிசிதான். விருந்தாள் வந்திருக்கிறான் என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

சாப்பிட உட்கார்ந்தோம். தியாகராஜன் தட்டில் வெள்ளைச் சோறு, எனக்குச் சோளச் சோறு. இரண்டுக்கும் ஒரே கீரைக் கடைசல், ஒரே கருவாட்டுக் குழம்பு. ஆத்தாவுக்கு அதில் மறைக்க ஒன்றும் இல்லை. விருந்தாளுக்கு அரிசி, மகனுக்கு வழக்கமான சோறு.

தியாகராஜன் என் தட்டைப் பார்த்தான். நான் குனிந்து சாப்பிட்டேன், வேகமாக. அவன் கொஞ்ச நேரம் கையை வைக்காமல் இருந்துவிட்டு, எனக்கும் அது கொஞ்சம் போடுங்கம்மா என்றான். உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இறங்காதப்பா என்று ஆத்தா சிரித்தாள். அவன் விடவில்லை. ஒரு வாய் போட்டு மென்றான், தொண்டையில் அடைத்தது. மெல்லாதே, குழம்பில் தோய்த்து விழுங்கு என்று ஆத்தா தண்ணீரை நீட்டினாள். இரண்டாவது வாய் இறங்கிவிட்டது. மூன்றாவதை அவனே உருட்டினான்.

"இதுக்காம்மா நாங்க சண்டை போட்டோம்" என்றான், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

என்ன சண்டை என்று ஆத்தா கேட்டாள். நான் பொய் சொல்லியிருப்பது அவனுக்குத் தெரியாது. சோளம், கவிழ்ந்த தட்டுகள், வேலைநிறுத்தம் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்கும்போதுதான் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

ஆத்தா அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள்.

"நீயும் கவுத்தியா?"

முதலில் கவிழ்த்தது நான்தான் என்று சொன்னேன்.

"வாயில வச்சுப் பாத்தியா?"

"இல்ல."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் எழுந்துபோய் வாசலில் சொருகிய வேப்பிலையை எடுத்து வந்து அடுப்படி ஓரத்தில் போட்டாள். பிறகு கேட்டாள்:

"ஆக்குன ஆளு என்ன ஆனாரு?"

நானும் தியாகராஜனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று நாள் வேலைநிறுத்தத்தில், அத்தனை கூட்டத்தில், அத்தனை பேச்சில், எங்களில் ஒருவனும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அட்டையில் எழுதியதை மட்டும் நான் ஆத்தாவிடம் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை. இப்போது சொல்ல அவள் இல்லை.

மேட்டுக்கு மேலே

இரண்டு நாள் கழித்து அய்யா இறங்கி வந்தார். ஏலக்காய் பறிப்பு நடக்கும் காலம். மேலே விடாத மழை. தோட்டத்துச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தவர், புதுச் சமையல்காரன் ஒருத்தன் வந்திருக்கிறான், ஆட்கள் இப்போது முணுமுணுக்காமல் சாப்பிடுகிறார்கள் என்றார். பொட்டிபுரத்து ஆள், மதுரையில் ஏதோ காலேஜில் ஆக்கிக்கொண்டிருந்தவனாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை என்று நிறுத்திவிட்டார்களாம், பேர் மாயாண்டி என்றார்.

ஆத்தா என்னைப் பார்க்கவில்லை. அய்யாவுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் விடிந்ததும் அய்யாவோடு நாங்களும் கிளம்பினோம். மலையடிவாரத்து முந்தலிலிருந்து நடைபாதை. பருப்பும் உப்பும் ஏற்றிய கோவேறு கழுதைகள் முன்னால் போயின. தியாகராஜன் சமதரையில் பிறந்து வளர்ந்தவன். பத்தடிக்கு ஒரு தடவை வழுக்கினான். அட்டைப்பூச்சி கடித்த இடங்களில் அய்யா புகையிலைத் தண்ணீரைத் தேய்த்துவிட்டார். போடிமெட்டைத் தாண்டியதும் மூடுபனிக்குள் ஏலக்காய் உலர்த்துகிற புகைக்கூண்டின் வாசனை வந்தது. அதை வைத்தே தோட்டம் நெருங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

மாயாண்டி அண்ணன் சமையல் கொட்டகை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து வாங்க என்றார். கத்தி நிற்கவில்லை. ஆரா என்று உள்ளேயிருந்து மலையாளத்து ஆள் ஒருவர் குரல் கொடுத்தார். நம்ம காலேஜ் பிள்ளைக என்று இவர் பதில் சொன்னார்.

முதலில் சாப்பிடச் சொன்னார். வேகவைத்த கப்பைக் கிழங்கு, உப்போடு நசுக்கிய காந்தாரி மிளகாய். கைகள் குளிரில் விறைத்திருந்ததால் சூடான கிழங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தோம். சாப்பிட்டுக் கை கழுவினோம். கடைசியில், தப்புப் பண்ணிவிட்டேன் அண்ணே என்று மட்டும் சொன்னேன்.

அவர் உரித்த கிழங்குகளைத் தண்ணீரில் அலசினார்.

அன்றைக்கு நடந்ததை மெதுவாகச் சொன்னார். விடுதிக்குப் பின்னால் உள்ள வீட்டில் உரல் இரவல் கேட்டு, அவரும் பெண்டாட்டியுமாக மத்தியானம் முழுக்கச் சோளத்தைத் தண்ணீர் தெளித்து இடித்தார்களாம். கப்பல் சோளத்துக்கு உமி சீக்கிரம் விடவில்லையாம். புடைத்து, குருணை வேறு மாவு வேறாகப் பிரித்து, நூறு பேருக்குக் கிண்டி இறக்கும்போது தோள்பட்டை விட்டுப்போயிற்றாம்.

"தட்டு கவுந்தது பெருசில்ல அப்பு. அத்தன பேரு திங்கிற எடத்துல எவனாவது கவுக்கத்தான் செய்வான். இது நல்ல சோறுதான்டான்னு நீ ஒரு வார்த்த சொல்லுவேன்னு நெனச்சேன். அம்புட்டுத்தான்."

தன் பெண் பிள்ளைகள் இரண்டும் மதுரையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவை. இப்போது பொட்டிபுரத்தில் ஆடு பத்திக்கொண்டு போகின்றன என்றார். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதைப் போலச் சொன்னார்.

தியாகராஜன், நாங்கள் வார்டனிடம் பேசுகிறோம், நீங்கள் வந்துவிடுங்கள் என்றான்.

"போன்னு சொன்னவுக வான்னு சொன்னா வர்றேன். நானாப் போயி வாசல்ல நிக்க மாட்டேன், தம்பி."

வெரசாகக் கிளம்புங்கள், மழை வலுத்தால் இறங்க முடியாது என்று எங்களை அனுப்பிவைத்தார்.

வார்டன் அறையில்

விடுதி திறந்த அன்று காலையிலேயே வார்டன் அறைக்குப் போனோம். மேசைமேல் மன்னிப்புக் கடிதங்கள் அடுக்காக இருந்தன. எல்லாம் ஒரே வாசகம். யாரோ ஒருவன் எழுதியதைப் பார்த்து எல்லோரும் எழுதியவை. நானும் ஒன்று எழுதி வைத்திருந்தேன். அதைக் கொடுக்கவில்லை.

முதல் தட்டு என்னுடையது என்று சொன்னேன். சோறு நன்றாக இல்லை என்பதால் கவிழ்க்கவில்லை, அதை நான் ருசிகூடப் பார்க்கவில்லை, என் வீட்டில் தினமும் அதுதான் என்று சொன்னேன். வாசலில் இருந்த அட்டையை எழுதியதும் நான்தான் என்றேன். ஆத்தாவிடம் சொல்ல முடியாததை அந்த மனிதரிடம் சொல்ல முடிந்தது. எப்படி என்று இன்றும் தெரியவில்லை.

தியாகராஜன், கூட்டத்தைத் தூண்டியது நான், சமையல்காரரை அனுப்பியது நியாயமில்லை என்றான்.

வார்டன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் யாரும் உன்னைக் கேட்டிருக்க மாட்டார்கள், தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியும் சார் என்றேன். மாயாண்டியின் மேல் விடுதிக் கமிட்டி கோபப்பட்டபோது தானும் தடுக்கவில்லை என்று, எங்களிடம் சொல்வதா வேண்டாமா என்று தயங்கி, சொன்னார். அந்தத் தயக்கத்துக்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

தண்டனை இரண்டு நாளில் வந்தது. அந்த வருடம் முடியும்வரை எனக்கு விடுதியில் இடமில்லை. தியாகராஜனின் அப்பாவுக்குக் கடிதம் போனது; அவர் வந்து ஆபீஸ் வாசலிலேயே மகனை ஓர் அறை விட்டுவிட்டு, பிறகு இருவருமாக ஓட்டலில் டிபன் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். மாயாண்டி அண்ணனைத் திரும்ப அழைப்பது பற்றி யோசிக்கிறோம் என்றார்கள். யோசிக்க மூன்று வாரம் ஆயிற்று.

நான் வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு மாடி அறையில் இரண்டு பேரோடு ஒட்டிக்கொண்டேன். மத்தியானம் ஒருவேளை கிளப்புக் கடையில் சாப்பாடு. காலையும் இரவும் கிடைத்தால் உண்டு. தியாகராஜன் அவ்வப்போது தலையணை அரிசியில் ஒரு பிடி கொண்டுவருவான். பசி என்பது என்னவென்று அந்த நாலைந்து மாதத்தில்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் சோளம்தான், ஆனால் ஒருநாளும் இல்லையென்று இருந்ததில்லை.

விடுதியில் புதன்கிழமைச் சோளம் பிறகும் தொடர்ந்தது. பாதிப் பேர் சாப்பிட்டார்கள், பாதிப் பேர் வெளியே போனார்கள் என்று தியாகராஜன் சொல்வான். அவன் சாப்பிட்டான். கொஞ்ச காலத்தில் ரேஷனையே எடுத்துவிட்டார்கள். எல்லோரும் எல்லாவற்றையும் மறந்தார்கள்.

கேட்டுக்கு வெளியே

மாயாண்டி அண்ணன் திரும்பி வருகிற நாளை ஆபீஸ் குமாஸ்தா என்னிடம் சொல்லியிருந்தார். நான் விடுதி வாசலுக்கு எதிர்ப்புறம், சாக்கடைப் பாலத்தின் மேல் உட்கார்ந்திருந்தேன். கேட்டுக்குள் போக எனக்கு அனுமதி இல்லை.

உச்சி வெயிலில் வந்தார். தோளில் ஒரு மூட்டை, கையில் ஒரு பை. பெண்டாட்டி பிள்ளைகள் அடுத்த வாரம் வருவார்கள் போல. கேட்டில் கை வைத்தவர் என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைக் கடந்து வந்தார். குமாஸ்தா சொல்லித்தானோ என்னவோ, எல்லாம் தெரிந்திருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"சாப்பிட்டியா?"

சாப்பிட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மூன்று வாரமாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"இல்லண்ணே."

அவர் கேட்டைத் திரும்பிப் பார்த்தார். உன்னை உள்ளே கூட்டிக்கொண்டு போக எனக்கு அதிகாரமில்லை என்றார். பிறகு மூட்டையை இறக்கிவைத்து என் பக்கத்தில் பாலத்தில் உட்கார்ந்தார். பைக்குள்ளிருந்து ஓர் இலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். குதிரைவாலிச் சோறு, புளிக்குழம்பு ஊற்றிப் பிசைந்தது. ஓரத்தில் கொள்ளுத் துவையல். வழிக்கு அவர் பெண்டாட்டி கட்டிக்கொடுத்தது.

இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிட்டோம். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள். கல்லூரிப் பையன்கள் சிலரும் சைக்கிளில் கடந்து போனார்கள். அதில் என் வகுப்புப் பையன்களும் இருந்தார்கள். நான் உருட்டி உருட்டி விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அவர் என்னை மன்னித்தார் என்று எழுத எனக்கு உரிமையில்லை. அவர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாதி சாப்பிட்டதும் கல்லூரி மணி அடித்தது. மிச்சமிருந்த சோற்றை இலையோடு என் பக்கம் தள்ளிவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, ராத்திரிக்கு உலை வைக்க வேண்டும் என்று உள்ளே போனார்.